கொடி பூக்கவில்லையா? முதலில் மண்ணைக் கவனியுங்கள்!

தொலைக்காட்சியில் கருத்தரங்கு நடத்தும் என் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேள்வி கேட்பது மட்டும்தான் நம் வேலை. பதில் சொல்ல வேண்டியவர்கள் எதிரே அமர்ந்திருப்பார்கள். ஆனால், சில வேளைகளில் நேயர் கேட்கும் கேள்வி நம் வீட்டுக் கேள்வியாகவே அமைந்து விடும். அப்போது சிரித்துக்கொண்டே அடுத்த அழைப்புக்குப் போய்விட முடியாது.

கடந்த ஆண்டு வீட்டுத் தோட்டம் பற்றிய கருத்தரங்கில் எனக்கு அதுதான் நேர்ந்தது. கிள்ளானிலிருந்து அழைத்த ஓர் அக்கா, ஆங்கிலேயர்களின் தோட்ட நிகழ்ச்சி ஒன்றில் ஊதா நிறத்தில், தேநீர்த் தட்டு அகலத்திற்குப் பூத்திருந்த கொடி ஒன்றைப் பார்த்தாராம். அதன் பெயர் கிளமாட்டிஸ். "அதை என் வீட்டு முன்வேலியில் ஏற்றிவிட ஆசை. எந்த மண் போட வேண்டும்?" என்று கேட்டார். சிறப்பு விருந்தினராக வந்திருந்த விவசாயத் துறை அனுபவசாலி புன்னகையோடு ஓர் எதிர்க் கேள்வி போட்டார்: "அம்மா, உங்கள் வீட்டு மல்லிகை நன்றாகப் பூக்கிறதா?"

"அதுதான் இல்லை. இலை மட்டும் வருகிறது, இல்லையென்றால் செத்துப் போகிறது" என்று பதில் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்த அதே வார்த்தைகள்! அன்று அரங்கில் பேசப்பட்டதையும், நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்த அனுபவசாலியிடமும் பூச்செடிக் கடைக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்து கொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன். நான் படித்தது மக்கள் தொடர்புத் துறை டிப்ளோமா, விவசாயம் அல்ல. ஆகவே, எனக்குப் புரிந்த எளிய முறையிலேயே சொல்கிறேன்.

அம்மா கொண்டு வந்த மண்

நாங்கள் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். லயத்து வீட்டு வாசலில் அப்பா நட்ட மல்லிகைக் கொடி கூரை வரை ஏறியிருந்தது. யாரும் அதற்கு உரம் வைத்ததாக எனக்கு நினைவில்லை. துணி துவைத்த தண்ணீர் ஓடிப் போகும் வழியில் அது பாட்டுக்கு நின்று பூத்தது. 2001ஆம் ஆண்டில் தோட்டம் கைமாறி, நாங்கள் மலிவு விலை அடுக்குமாடி வீட்டிற்கு மாறினோம். எட்டாவது மாடி. அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மா அந்தக் கொடியிலிருந்து நான்கு குச்சிகளை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டார். அதோடு, அரிசி மூட்டைப் பையில் தோட்டத்துச் செம்மண்ணையும் நிரப்பிக்கொண்டார். "அதது பிறந்த மண்ணில் வைத்தால்தான் பிழைக்கும்" என்பது அவருடைய நம்பிக்கை.

குச்சிகள் துளிர்த்தன. ஆனால், சில மாதங்களில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. கொடி வாடுகிறதே என்று அம்மா இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். ஆண்டு முடிவதற்குள் நான்கும் போய்விட்டன. பிறகு கடையில் வாங்கி வைத்ததும் அதே மண்ணில் அதே கதியானது. 2009இல் அப்பா காலமானார். அவர் படத்திற்கு வீட்டுப் பூவே வைக்க வேண்டும் என்று அம்மா மீண்டும் ஒரு கன்று வாங்கினார். அதுவும் நிற்கவில்லை.

"சொந்த மண்ணுலதானே வச்சேன், ஏன் செத்துப் போச்சு? என் கையில ராசி இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் செடி வைப்பதையே விட்டுவிட்டார். மிச்சமிருந்த செம்மண்ணைப் பழைய சதுர பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, துணி காயப் போடும் இடத்தின் மூலையில் வைத்துவிட்டார்.

கிளமாட்டிஸ் கேட்பது என்ன?

முதலில் கிள்ளான் அக்காவின் கேள்விக்கு வருவோம். கிளமாட்டிஸ் என்பது ஒரே ஒரு கொடியின் பெயரன்று. ஏறக்குறைய 300 இனங்கள் கொண்ட ஒரு பெரிய குடும்பம். நாம் படங்களில் பார்த்து மயங்கும் பெரிய பூக்கள் தோட்டக்காரர்கள் கலப்பினமாக உருவாக்கியவை. அவற்றில் மிகவும் புகழ்பெற்ற ஊதாப் பூக்கொடியான 'ஜாக்மனை', 1858ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வோக்கிங் ஊரில் ஜாக்மன் என்பவரின் நாற்றுப் பண்ணையில் செய்த கலப்பில் உருவானது.

இந்தக் கொடி கேட்கும் மண்ணைப் பற்றி ஆங்கிலேயத் தோட்டக்காரர்களிடையே ஒரு பேச்சு வழக்கு உண்டு. தலை வெயிலில் இருக்க வேண்டும். கால் நிழலில் இருக்க வேண்டும் என்பார்கள். அதாவது, பூக்கும் பகுதிக்குச் சூரிய ஒளி வேண்டும், வேர்ப் பகுதி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மண்ணில் ஈரம் நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. மக்கிய இலைதழைகள் நிறைய இருக்க வேண்டும். மண் அதிகம் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மை மிக்கதாக இருக்கக் கூடாது. இங்கிலாந்தின் தென்பகுதியில் சுண்ணாம்புப் பாறை நிலங்களில் ஒருவகை வெள்ளைக் கிளமாட்டிஸ் காடாக வேலிகளில் படர்ந்திருப்பதே இதற்குச் சான்று.

இன்னொரு செய்தி. பெரிய பூக் கிளமாட்டிஸை நடும்போது, கன்று முன்பு இருந்த மட்டத்தைவிட 5 முதல் 8 செண்டிமீட்டர் ஆழமாகப் புதைப்பார்கள். இந்தக் கொடிக்குத் திடீரென வாடிப் போகும் நோய் உண்டு. மேலே உள்ள தண்டு கருகிப் போனாலும், மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து மீண்டும் துளிர்க்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

சரி, இந்த மண்ணை எல்லாம் கிள்ளானில் தயார் செய்துவிட முடியாதா? மண்ணைத் தயார் செய்யலாம். ஆனால், குளிர்காலத்தை எந்தக் கடையில் வாங்குவது? அந்தக் கலப்பினக் கொடிகள் ஆண்டுதோறும் சில மாதங்கள் குளிரில் ஓய்வெடுத்து, வசந்தத்தில் விழித்துப் பூப்பவை. நம் தாழ்நிலங்களில் இரவில்கூட வெப்பம் அவ்வளவாக இறங்குவதில்லை. ஆகவே, அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே வேலிக்கு மல்லிகை, காகிதப் பூ, ரங்கூன் மல்லி போன்ற நம் வெயிலுக்குப் பழகிய கொடிகளை ஏற்றலாம் என்பதே அன்று கிடைத்த பதில்.

ஆனால், கிளமாட்டிஸ் பற்றிய அந்தப் பாடம் வீண் போகவில்லை. ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது. காற்று வேண்டும், சூடு கூடாது. அதிகப் புளிப்பு ஆகாது. பெரும்பாலான பூங்கொடிகள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

நம் மண்ணின் குணம்

நம் நாட்டுச் செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று என்றாவது யோசித்ததுண்டா? நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்களே அதிகம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழை, மண்ணிலிருந்த கால்சியம், மெக்னீசியம் போன்ற சத்துகளைக் கரைத்து அடித்துச் சென்றுவிட்டது. கரையாமல் மிஞ்சியவை இரும்பும் அலுமினியமும். இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு.

இதனால் நம் செம்மண் பெரும்பாலும் புளிப்பு மண். மண்ணின் புளிப்பை பி.எச். என்னும் அளவால் குறிக்கிறார்கள். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. நம் மேட்டு நிலச் செம்மண்ணில் இது 4 முதல் 5 வரை இருப்பது வழக்கம். கரையோரச் சதுப்பு நிலக் கரிமண்ணிலோ 3, 4 என்று இன்னும் கீழே போகும். இதில் ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புளிப்பு அதிகமானால் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு கொடிக்குக் கிடைக்காமல் போகும்.

ரப்பர், தேயிலை ஆகியவை இந்தப் புளிப்பைத் தாங்கும். அதனால்தான் அவை இங்கே கோலோச்சின. பூங்கொடிகள் எல்லாம் அப்படித் தாங்குவதில்லை.

தரையில் நல்ல மண், சாடியில் ஏன் கெட்டது?

அம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. லயத்து வாசலில் பூத்த கொடி, அதே மண்ணில் சாடியில் ஏன் மடிந்தது?

நல்ல மண் என்பது வெறும் மண்ணன்று. அதில் ஏறக்குறைய பாதிதான் மண் துகள்களும் மக்கும். மறுபாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பாதி தண்ணீர், பாதி காற்று என்று இருந்தால் அது சிறந்த மண். வேரும் நம்மைப் போல மூச்சுவிட வேண்டும். தரையில் மண்புழு துளைக்கிறது, எறும்பு துளைக்கிறது, பழைய வேர்கள் மக்கி வழிவிடுகின்றன. ஊற்றிய தண்ணீர் ஆழமாக இறங்கிப் போக இடம் இருக்கிறது.

அதே களிமண்ணை அள்ளிப் பிளாஸ்டிக் சாடியில் போட்டால் என்ன ஆகும்? புழுவும் இல்லை, ஆழமும் இல்லை. நாள்தோறும் ஊற்றும் தண்ணீர் மண்ணை இறுக்குகிறது. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. அவ்வளவு நுண்ணிய துகள்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தால் காற்றுக்கு இடமேது? வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஆகவே, காலடியில் தண்ணீர் இருந்தும் கொடி வாடுகிறது. வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். அம்மா பாசத்தோடு செய்தது இதைத்தான். நம்மில் பலரும் செய்வது இதைத்தான்.

அரங்கில் ஒரு சிறிய செய்முறை காட்டினார்கள். பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக் கிடைமட்டமாகப் பிடித்தார்கள். சொட்டுவது நின்றது. பிறகு அதே பஞ்சைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். பிழியாமலேயே மறுபடி தண்ணீர் வடிந்தது. சாடியிலும் இதே கதைதான். மண்ணின் அடிப்பகுதியில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் இறங்காமல் நிற்கும். சாடி தட்டையாக இருந்தால் வேரின் பெரும்பகுதி அந்த ஈரப் பட்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். உயரமான சாடி என்றால் மேலே மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அடியில் கூழாங்கல்லோ உடைந்த ஓடோ போட்டால் தண்ணீர் வடியும் என்று நாம் நம்பி வந்தோமல்லவா? அதுவும் தவறான நம்பிக்கையே. மேலே உள்ள நுண்ணிய மண் முழுவதும் ஊறிய பிறகுதான் தண்ணீர் கீழே உள்ள கல்லுக்கு இறங்கும். ஆக, கல் போடுவதால் ஈரப் பட்டை மேலே ஏறி, வேருக்கு இருக்கும் இடம்தான் குறைகிறது. ஓட்டை வழியே மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

ஒரு போத்தல் போதும்

உங்கள் மண் எப்படிப்பட்டது என்பதை அறியப் பரிசோதனைக் கூடம் வேண்டியதில்லை. கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். முதலில், ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் படியும். அடுத்த சில மணி நேரத்தில் வண்டல் படியும். களிமண் படிய ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மேலே மிதப்பவை மக்காத குப்பைகள். மறுநாள் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும்.

இன்னும் எளிய வழி வேண்டுமா? ஈரமான மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் உதிர்ந்தால் மணல் அதிகம். உருட்டி, பெருவிரலால் தள்ளும்போது நீண்ட நாடா போல வந்தால் களிமண் அதிகம். உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் பொலபொலவென உடைந்தால் அதுதான் நாம் தேடும் மண்.

தரையில் நடுபவர்கள் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்திற்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் முறை வடிந்ததும் மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். அதற்கும் குறைவு என்றால் அந்த இடத்தில் மண்ணை மேடாக்கி, மேட்டின் மேல் கொடியை நடுவதே நல்லது.

மூன்று, இரண்டு, ஒன்று

நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளில் நெடுங்காலமாகப் புழங்கி வரும் கணக்கு 3:2:1. மேல்மண் மூன்று பங்கு, மக்கிய உரம் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. தகரக் குவளையாலோ வாளியாலோ அளந்து கலக்க வேண்டியதுதான்.

ஆனால், இதில் மேல்மண் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே இருக்கும் கருமை கலந்த, பொலபொலப்பான மண்தான் மேல்மண். வீடு கட்டும் இடத்தில் ஆழமாகத் தோண்டிக் குவித்த சிவப்புக் களிமண் அன்று. களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகிவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. மணலின் இடுக்குகளைக் களிமண் அடைத்துக்கொண்டு செங்கல் மாதிரி இறுகிவிடும். அதை இளக்குவது மக்குதான். கடல் மணலில் உப்பு இருக்கும், கட்டுமான இடத்து மணலில் சிமெண்டு கலந்திருக்கக்கூடும், இரண்டும் வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டுச் சாடிக்கு இந்தக் கணக்கைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். மண் ஒரு பங்கு. மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் சேர்ந்து இரண்டு பங்கு. கரித்த நெல் உமி ஒரு பங்கு. கரித்த உமி காற்றோட்டம் தரும், எடையும் குறைவு. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சில நார்த்தூளில் உப்பு இருக்கும் என்பதால், வாங்கியதும் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும்.

கலந்த மண்ணைச் சாடியில் போட்டு நீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்திற்குள் அடி ஓட்டையில் தண்ணீர் எட்டிப் பார்க்க வேண்டும். மேலேயே குளம் போல நின்றால் இன்னும் உமி சேருங்கள்.

கொடிக்குக் கொடி மண் மாறும்

எல்லாக் கொடிக்கும் ஒரே மண் என்று நினைத்துவிடக் கூடாது.

மல்லிகைக்கு ஈரம் வேண்டும், வடிகாலும் வேண்டும். பி.எச். அளவு 6 முதல் 7 வரை இருந்தால் அதற்குப் பிடிக்கும். புதிதாக வரும் கிளைகளின் நுனியில்தான் அது மொட்டு விடும். ஆகவே, ஒரு பருவம் பூத்து முடிந்ததும் கத்தரித்து விடுங்கள்.

காகிதப் பூவின் குணமே வேறு. கிளமாட்டிஸில் நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புறவிதழ் என்றால், காகிதப் பூவில் நாம் பூ என்று நினைப்பது வண்ண இலை. நடுவே இருக்கும் சிறு வெள்ளைதான் உண்மையான பூ. இதற்கு மண் கொஞ்சம் புளிப்பாக, 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். வளமான மண்ணும் நிறையத் தண்ணீரும் கொடுத்தால் இலையாக வளர்ந்து தள்ளும். வேருக்கு இடம் குறைவாகவும் மண் அவ்வப்போது காய்ந்தும் இருந்தால்தான் பூவாகச் சொரியும். சிங்கப்பூரில் சாலைகளுக்கு மேலே நடைபாலங்களின் ஓரத் தொட்டிகளில் அது பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குறுகிய தொட்டி, கொளுத்தும் வெயில், அதுவே காரணம். இதற்கு உமியையும் மணலையும் கூட்டி, நார்த்தூளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, கடைசியில் சிவக்கும். இது பெருங்கொடி. சாடியைவிடத் தரையே இதற்குப் பொருத்தம். மக்கு கலந்த எந்த மண்ணிலும் வளரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் சோர்ந்து போகும்.

கிளமாட்டிஸை ஆழமாக நடுவதாகச் சொன்னேன் அல்லவா? மல்லிகைக்கு அந்த முறை வேண்டாம். நம் ஈரச் சூழலில் தண்டின் அடி மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதே மட்டத்தில் நடுங்கள்.

ஆனால், 'கால் நிழலில்' என்ற பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி சிமெண்டுத் தரையில் வெயிலில் நின்றால் உள்ளே மண் கொதிக்கும். சாடியை இன்னொரு பெரிய சாடிக்குள் வையுங்கள், அல்லது முன்னால் சிறு செடிகளை வைத்து மறையுங்கள். மண்ணின் மேல் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள். தண்டோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும்.

புளிப்பைக் குறைக்கவும், பூவைக் கூட்டவும்

பி.எச். பார்க்கும் தாள் பூச்செடிக் கடைகளிலும் மீன் தொட்டிக் கடைகளிலும் கிடைக்கிறது. வடிகட்டிய நீரில் கொஞ்சம் மண்ணைக் கலக்கித் தெளியவிட்டுத் தாளை நனைத்தால் ஓரளவு தெரிந்துவிடும். புளிப்பு அதிகம் என்றால் டோலமைட் சுண்ணாம்புத் தூள் கைகொடுக்கும். அதில் கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. மழை நம் மண்ணிலிருந்து திருடிச் சென்ற அதே சத்துகள்! ஓர் அடி அகலச் சாடிக்கு ஒரு மேசைக் கரண்டி கலந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அவசரப்பட்டு அள்ளிக் கொட்டினால், புளிப்பு போய் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். இரும்புச் சத்து கிடைக்காமல் இளந்தளிர் வெளுத்துப் போகும். முட்டை ஓட்டை அப்படியே நொறுக்கிப் போடுவதால் உடனடிப் பலன் இல்லை. மாவு போல அரைத்தால் மட்டுமே மெல்லக் கரையும். ஈப்போ, பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள வட்டாரங்களில் இருப்பவர்கள், சோதிக்காமல் சுண்ணாம்பு சேர்க்க வேண்டாம்.

அடுத்து உரம். இலை செழித்துப் பூ இல்லை என்றால், தழைச்சத்து அதிகம் என்று பொருள். உரப் பொட்டலத்தில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. பூங்கொடிக்கு முதல் எண் பெரிதாக இல்லாத உரமாகத் தேர்ந்தெடுங்கள். புதிய கோழிச் சாணத்தை நேராகப் போட்டால் வேர் வெந்துவிடும். சூடும் வாடையும் போகும்வரை மக்கிய பிறகே போட வேண்டும். அதோடு, மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாவிட்டால் பூ எதிர்பார்க்க முடியாது.

நம் வெப்பத்தில் மக்கு விரைவில் கரைந்துவிடும். சாடியில் மண் மட்டம் இறங்குவது அதனால்தான். ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு முறை கொடியை எடுத்து, கலவையைப் புதுப்பித்து நடுங்கள்.

உடல்நலத்தையும் மறக்க வேண்டாம்

இங்கே இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்று, டிங்கி. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே பிரசவ வீடு. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். தட்டே வேண்டாம், வைத்தே ஆக வேண்டும் என்றால், நாள்தோறும் கொட்டி, வாரம் ஒரு முறையாவது தேய்த்துக் கழுவுங்கள். மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, வீட்டில் கொசு பெருக இடம் கொடுத்தால் அபராதம் விதிக்கலாம். சிங்கப்பூரிலும் அபராதம் உண்டு.

இரண்டாவது, நம்மவர்கள் அதிகம் அறியாதது. நம் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்னும் கடுமையான நோயைத் தரும் கிருமி இருக்கக்கூடும். கையிலுள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகவும் அது உடலுக்குள் புகும். நீரிழிவு நோயாளிகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். நம் சமூகத்தில் இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை? ஆகவே, கையுறை போடாமல் மண்ணைத் தொடாதீர்கள். காலுக்குச் செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும். உலர்ந்த மண்ணைக் கிளறும்போது தூசி பறக்காமல் நனைத்துக்கொள்ளுங்கள். மண் வேலைக்குப் பிறகு காய்ச்சல் விடாமல் இருந்தால், மண்ணைத் தொட்டதையும் நீரிழிவு இருப்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மாடி வீட்டினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தடுப்புச் சுவரின் மேல் சாடி வைக்கவே கூடாது. கீழே நடப்பது யாரோ ஒருவரின் பிள்ளை.

பிஸ்கட் டின் திறந்தது

நிகழ்ச்சி ஒளிப்பதிவு முடிந்த அந்த வாரம் நான் அம்மா வீட்டிற்குப் போனேன். மூலையில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரு பிடி மண்ணைப் போத்தலில் போட்டுக் குலுக்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் களிமண். அம்மாவிடம் பஞ்சு வைத்தும் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ராசி இல்லாம இல்ல. நான்தான் மூச்சு முட்ட வச்சிருக்கேன்" என்றார்.

"இல்லம்மா, யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்கே இப்பத்தானே தெரியும்" என்றேன்.

அம்மாவுக்கும் இனிப்பு நீர் இருப்பதால், கையுறை மாட்டிவிட்டுத்தான் உட்கார வைத்தேன். தோட்டத்துச் செம்மண் ஒரு பங்கு, மக்கும் நார்த்தூளும் இரண்டு பங்கு, கரித்த உமி ஒரு பங்கு. அதோடு ஒரு கரண்டி டோலமைட். உயரமான சாடியில், வெயில் படும் பக்கமாக, அடியில் தட்டு இல்லாமல் வைத்தோம். கொடி மட்டும் கடையில் வாங்கியது. அப்பா வைத்த கொடி இனி எங்கே கிடைக்கப் போகிறது? மண்ணாவது அவர் நடந்த மண்ணாக இருக்கட்டும் என்று அம்மா சொன்னார்.

ஐந்தாவது மாதத்தில் முதல் மொட்டு வந்தது. இப்போது காலையில் பத்துப் பன்னிரண்டு பூ கிடைக்கிறது. சரம் தொடுக்கப் போதாது. அப்பா படத்துக்கு வைக்கப் போதும். விடியற்காலையில் பறித்து வைத்துவிட்டுத்தான் அம்மா தேநீர் போடுகிறார்.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பூக்காத கொடி ஒன்று இருக்கலாம். உரம் வாங்கவோ, கையில் ராசி இல்லை என்று நொந்துகொள்ளவோ முன், இந்த வார இறுதியில் ஒரு போத்தலில் கொஞ்சம் மண்ணைப் போட்டுக் குலுக்கி வையுங்கள். மறுநாள் காலையில் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். மீண்டும் ஒரு கருத்தரங்கில் சந்திப்போம்.